டங்கனின் விளக்கொளி

பழைய படங்கள் தரும் சுகத்திற் பாதி, அவை பற்றிய நூல்களைப் படிப்பதில் இருக்கிறது. ‘மீரா’வை (1945) எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலுக்காகவே பலமுறை பார்த்தவன் நான். இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன், எம்.எஸ்.ஸின் தலையைச் சிலையாக வடிப்பித்து, பல கோணங்களில் அதன்மீது ஒளி பாய்ச்சிப் பார்த்த பின்னரே அவரைப் படம்பிடித்தார் என்று பின்னாளிற் படித்தேன். அன்றிலிருந்து அந்த முகத்து நிழல்களையும் கவனிக்கிறேன். இத்தனைக்கும் டங்கன் தமிழ் பேசத் தெரியாத அமெரிக்கர்!

1936 இல் அவர் இயக்கிய ‘சதிலீலாவதி’ எம்.ஜி.ஆரின் முதற்படம். எஸ்.எஸ். வாசனின் நாவலைத் தழுவிய அதன் நாயகன், கொலைப்பழிக்கு அஞ்சி இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்திற் கூலியாகிறான். நம் மலையகத்தை அக்காலத் தமிழ்ப்படம் எப்படிக் காட்டியது என்றறிய எவருக்குத்தான் ஆவலிராது? எனக்குப் படம் பார்க்கக் கிடைக்கவில்லை, கதைச்சுருக்கந்தான் கிடைத்தது.

முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன், ராண்டார் கை, தியடோர் பாஸ்கரன் போன்றோர் தேடிச் சேர்த்து எழுதியிராவிடில், அக்காலத்துப் படங்கள் பலவற்றின் பெயர்கூட நமக்குத் தெரிந்திராது. அன்றைய பாட்டுப் புத்தகங்கள், கதையைப் பாதியில் நிறுத்தி, மிகுதியை வெள்ளித்திரையிற் காணுமாறு சொல்லும். அம்மிகுதியை இனி எங்கே காண்பது?