தாங்கியில் ஒரு துளை

நொடிக்கு ஒரு துளி என்றால் பெரிய இழப்பாகத் தோன்றாது. நாட்கணக்கில் பார்த்தால் லீற்றர் கணக்கில் போய்விடுகிறது. 2022 ஓகஸ்டில் காருக்கு வாரம் 20 லீற்றர்தான் பங்கீடு. லீற்றர் 450 ரூபாய். நுரைச்சோலையில் நமது பழைய மொறிஸ் மைனரின் அடியில் மணல் நனைந்திருக்கக் கண்டபோது, நாம் முதலில் தேடியது ஒரு சவர்க்காரக் கட்டியை. பெற்றோல் சவர்க்காரத்தைக் கரைப்பதில்லை. துளையில் அழுத்தித் தேய்த்தால் ஒழுக்குச் சில மணி நேரம் அடங்கும். இல்லாதவர்களின் பொறியியல் அது.

ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. இடையில் கிடக்கும் இந்த மணற்றிடலில் உப்புக் காற்று இரும்பை வெளியிலிருந்து தின்கிறது. உள்ளிருந்து தின்பது வேறொன்று. பெற்றோலைவிட நீர் கனமானது. காற்றின் ஈரம் தாங்கிக்குள் நீராகி அடியில் தேங்கி, ஆண்டுக்கணக்கில் ஓசையின்றித் துருவை வளர்க்கிறது. வண்டியை மாற்றலாம் என்பீர்கள். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். அதுவரை பழைய வண்டிகளை ஓடவைத்தவை கராஜ்காரர்களின் கைகளே.

நாம் போன கராஜ், வெங்காயப் பாத்திகளின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டில். தொலைவில் 900 மெகாவாற் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. கொட்டிலில் அன்று மின்வெட்டு! கராஜ்காரர், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பமொன்றின் பிள்ளையாக இங்கு வந்தவர்.

"நானா, நாளைக் காலை எண்ணெய் எடுக்கும் முறை நமக்கு. இன்றைக்கே ஒட்டித் தந்துவிடுங்கள்" என்றோம்.

"கழுவாம இதுக்குக் கிட்ட நெருப்புக் கொண்டு வரமாட்டன், சேர்."

"தாங்கிதான் காலியாகிவிட்டதே!"

"நிறைஞ்ச தாங்கிய விட வெறுந்தாங்கிக்குத்தான் சேர் பயப்படணும்."

பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவர் நாம்; சொன்னவர் அவர். பெற்றோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 பங்கு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். நிறைந்த தாங்கியில் ஆவி அதைவிடச் செறிந்திருக்கும். வடித்த தாங்கியிலோ உள்ளே வரும் காற்று அந்த அளவுக்கு அதைக் கொண்டுவந்துவிடும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறோம். மறுநாளைய 20 லீற்றர் கண்ணில் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும், நெருப்பருகே குந்தப்போவது நாமல்லவே!

தமக்குத் தொழில் பழக்கிய பாஸின் கைகள் இப்படியொரு தாங்கியில் வெந்ததை வேலையினூடே அவர் சொன்னார். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1934 முதல் இருக்கிறது. அந்த மனிதரிடமோ, தாம் யாரிடம் வேலை செய்தார் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. இதைக் கேட்பதற்குச் சற்று முன்னர்தான் நாம் கூலியில் முந்நூறு ரூபாய் பேசிக் குறைத்திருந்தோம்.

சலவைச் சோடா கலந்த வெந்நீரால் மூன்று முறை கழுவினார். பின் ஓட்டை மேலே வரும்படி சாய்த்து, அதற்கு ஒரு விரற்கடை கீழ்வரை கிணற்று நீர் நிரப்பினார். ஆவிக்கு இடம் விடக்கூடாதாம். உவர்நீர் வேண்டாம், மறுபடி துருவேறும் என்றார். துருவைப் பளபளக்கச் சுரண்டி, துத்தநாகம் கரைத்த அமிலம் தடவி, தூரத்துக் கரியடுப்பில் காய்ச்சிய செப்பு முனைக் கோலால் ஈயத்தை இழைத்தார். சுவாலை அருகிலேயே வரவில்லை.

நீரை வடித்து, சவர்க்கார நுரை பூசி, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்தார். ஒட்டிய இடம் உறுதியாக நின்றது. ஒரு சாண் தள்ளி, பொருத்தின் ஓரத்தில், கடுகளவு குமிழொன்று எழுந்தது. அவர் நம்மைப் பார்த்தார், இருட்டிக்கொண்டிருந்தது.

"இதையும் பாருங்கள். பேசின முந்நூறையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றோம்.

"அப்ப நாளைக்குத்தான், சேர்."

மறுநாள் நமது முறை தவறியது. பஸ்ஸில் பாடசாலைக்குப் போனோம்.