அறையை முதலில் அளந்து பாருங்கள்

வீட்டிலேயே வோல்ட்டைத் துல்லியமாக அளக்கக் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மீட்டர் வாங்கலாம் என்றுதான். மும்பையில் மின்னணுக் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் விலைகூட விசாரித்து வைத்திருப்பார்கள். நான் கேட்பது வேறு: உங்கள் அறையின் சூடு பகலுக்கும் ராத்திரிக்கும் எத்தனை டிகிரி மாறுகிறது?

ஆறரை இலக்க மீட்டரின் கையேட்டைப் பிரித்தால், துல்லியக் கணக்கு பெரும்பாலும் 23 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். அதுவும் மீட்டர் ஒரு மணி நேரம் சூடேறிய பிறகு. டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 5 பங்கு நகரும் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை 4 டிகிரி ஏறினால் 10 வோல்ட்டில் 200 மைக்ரோவோல்ட் பிசகிவிடும். அதைப் பார்த்து மீட்டரைக் குறை சொல்வது அநியாயம். ஓர் எண்ணைச் சொல்கிறவன் அது எந்தச் சூட்டில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கவலை பழையது. 1893இல் எட்வர்ட் வெஸ்டன் காப்புரிமை பெற்ற, வோல்ட்டுக்கு அளவுகோலாக இருந்த செல் 20 டிகிரியில் 1.0183 வோல்ட் தரும். ஒரு டிகிரி ஏறினால் சுமார் 40 மைக்ரோவோல்ட் குறையும். அதனால் அதை எண்ணெய்த் தொட்டியில் வைத்துக் காத்தார்கள். வோல்ட்டுக்கு இன்றைய அளவுகோலான ஜோசப்சன் சில்லு திரவ ஹீலியத்தில் கிடந்தாலும், அதன் கம்பிகள் அறைக்கு வந்துதானே ஆக வேண்டும்? வரும் வழியில் அவையும் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகின்றன.

மும்பையில் மழைக்காலத்தைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். ஆனால் ஜூலையில் சாந்தாகுரூஸில் சராசரியாகப் பகல் 30 டிகிரி, ராத்திரி 25. ஜனவரியில் பகல் 31, ராத்திரி 17. வெப்பநிலையை மட்டும் பார்த்தால் ஜூலைதான் நல்ல மாதம். கெடுப்பது ஈரம். சர்க்யூட் போர்டும் ஐசியின் பிளாஸ்டிக் உறையும் ஈரத்தை உறிஞ்சி மெல்ல உப்பும். உள்ளே இருக்கும் சில்லு அழுத்தப்பட்டு வோல்ட் நகரும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடப்பதால் சட்டென்று கண்ணில் படாது.

கடற்காற்று இன்னொன்றும் செய்கிறது: செம்பைக் கறுக்க வைக்கிறது. சுத்தமான செம்போடு செம்பைச் சேர்த்தால் இணைப்பில் உண்டாகும் மின்னழுத்தம் டிகிரிக்கு ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவுதான். நடுவில் செம்பு ஆக்சைடு வந்துவிட்டால் டிகிரிக்கு 1000 மைக்ரோவோல்ட் வரை போகலாம். ஆகவே முனைகளைப் பளிச்சென்று தேய்த்து வையுங்கள். விரலால் தொட்ட முனை ஆறும்வரை காத்திருங்கள். கம்பிகளை மாற்றிப் போட்டு இன்னொரு முறை அளந்து, கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டு இரண்டின் சராசரியை எடுங்கள்.

ஏசியை நம்பாதீர்கள். கம்ப்ரசர் ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் அறை ஏறி இறங்கும். துள்ளிக்கொண்டே இருக்கும் 23 டிகிரியைவிட, அசையாத 28 டிகிரியே மேல் என்பது என் தீர்மானமான கருத்து. தாராவியில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள் மனம் தளர வேண்டாம். மேசையைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோங்கள், ஃபேனைத் திருப்பி வையுங்கள், இணைப்புகளை ஒரு கனத்த அலுமினியத் துண்டோடு தெர்மோகோல் பெட்டியில் மூடுங்கள். மீட்டரை மட்டும் மூடாதீர்கள். அது தன் சூட்டிலேயே வெந்துவிடும். காசு இருந்தால் எல்எம்399 என்ற வோல்ட் ரெஃபரன்ஸ் ஐசி ஒன்று வாங்குங்கள். அதற்குள்ளேயே குட்டி ஹீட்டர் இருப்பதால் வெளிச்சூடு அதை அவ்வளவாக அசைக்காது.

மும்பையின் செம்பூர்ப் பக்கத்துக்கு இப்படிக் கருவிகளோடு மல்லுக்கட்டும் வேலை புதிதல்ல. அங்கே ட்ராம்பே அணுசக்தி ஆய்வு மையத்தில் ஏ. எஸ். ராவ் தலைமையில் மின்னணுக் கருவிகளை நாமே செய்து பழகியதால்தான் 1967இல் ஐதராபாத்தில் ஈசிஐஎல் என்ற அரசு மின்னணு நிறுவனம் எழுந்தது.

இன்றைக்கே நோட்டில் வோல்ட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள், ஒன்று வெப்பநிலைக்கு, ஒன்று ஈரப்பதத்துக்கு. ஒரு ஜூலையும் ஒரு ஜனவரியும் கடக்கும்வரை விடாமல் எழுதுங்கள்.