லாரியில் வந்த விமானம்!

ஒரு சின்னக் கேள்வி பாஸ். ஒரு விமானத்தை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எப்படிக் கொண்டு போவீங்க? 'இதென்ன கேள்வி... பறந்துதான்!' என்கிறீர்களா? போன மே மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விமானம் லாரியிலும் போகும். அதுவும் எங்க ஊர் தோல் லாரியில்!

நான் பேரணாம்பட்டுக்காரன். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருக்கிறவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்கள் காலில் இருக்கிற ஷூவை ஒருமுறை பாருங்கள். அந்தத் தோல் எங்க பக்கத்து டேனரி ஏதாவது ஒன்றைத் தாண்டி வந்திருக்கலாம். அப்பாவுக்கு டேனரியில் செலக்‌ஷன் வேலை. தோலைக் கையால் தடவிப் பார்த்து 'இது முதல் தரம், இது ரெண்டாம் தரம்' என்று பிரிப்பது. நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். எங்க வீட்டில் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தவர் யாருமில்லை. வேலூர் பக்கம் அப்துல்லாபுரத்தில் ஒரு பழைய ஓடுதளம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

லீவில் பெங்களூரு பக்கம் ஒரு விமானப் பராமரிப்பு இன்ஜினீயரிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். இனி அவர் 'சார்'. (பெயர் போடக் கூடாது என்பது அவர் கண்டிஷன்.) அவர் பொறுப்பில் ஒரு குட்டி விமானம் இருந்தது. மைக்ரோலைட் என்பார்கள். நம்ம டி.ஜி.சி.ஏ. கணக்குப்படி ரெண்டே சீட், ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 450 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதாவது ரெண்டு புல்லட் பைக்கை விடக் கொஞ்சம்தான் கூட! அலுமினியக் குழாயில் எலும்புக்கூடு, அதன் மேல் டேக்ரான் துணி, 64 குதிரைத்திறனில் ராட்டாக்ஸ் 582 டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பார்த்தால் பெரிய சைஸ் பட்டம் மாதிரி இருக்கும்.

அதன் ஓனர் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு தனியார் ஓடுதளத்தில் புது ஹேங்கர் போட்டிருந்தார். விமானத்தை அங்கே கொண்டு போக வேண்டும். பறக்கும் அனுமதி காலாவதி ஆகியிருந்தது. பைக் எஃப்.சி. முடிந்து போனால் ரோட்டில் ஓட்டக் கூடாது இல்லையா, அதே கதைதான். எனவே இறக்கையைக் கழற்று, லாரியில் ஏற்று, அங்கே போய் மாட்டு. எனக்கு ஒரு லஞ்சமும் உண்டு. எல்லாம் முடிந்து சோதனை ஓட்டமும் ஓகே ஆனால், ரெண்டாவது சீட்டில் ஒரு ரவுண்டு!

கழற்றுவது என்றால் ஸ்பேனரை எடுத்துத் திருகுவது என்று நினைத்தேன். முதல் நாள் முழுக்க சார் என்னை ஒரு நட்டைக்கூடத் தொட விடவில்லை. போட்டோ எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு கேபிளுக்கும் சீட்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனிப் பாக்கெட், பாக்கெட் மேல் எந்த இடத்தில் இருந்து வந்தது என்ற குறிப்பு. உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டைக் கழற்றினால் திரும்ப மாட்டவே கூடாது, புதுசுதான். 'கழட்டும்போது எவ்ளோ சோம்பேறித்தனம் பண்றியோ, மாட்டும்போது அவ்ளோ அழுவ' என்றார்.

அன்று டீ குடிக்கும்போது ஒரு கதை சொன்னார். ரைட் சகோதரர்கள் 1907-ல் தங்கள் விமானத்தைப் பெட்டிகளில் அடைத்து பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். லெ ஹாவ்ர் துறைமுகத்திலேயே மாதக்கணக்கில் கிடந்தது. 1908-ல் வில்பர் போய்ப் பிரித்துப் பார்த்தால்... சட்டங்கள் உடைந்து, துணி கிழிந்து, ரேடியேட்டர் நசுங்கி! 'இப்படியா பேக் பண்ணுவ?' என்று தம்பி ஆர்வில்லைக் கடிதத்திலேயே வறுத்து எடுத்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, பெட்டியைப் பிரித்துக் கலைத்தது துறைமுக கஸ்டம்ஸ்காரர்கள் என்று. வாரக்கணக்கில் ரிப்பேர் பார்த்து, ஆகஸ்ட் 8-ம் தேதி லெ மான் பக்கத்தில் பறந்து காட்டினார். அதற்கப்புறம்தான் ஐரோப்பா வாயைப் பிளந்தது. 'பறக்கிறப்ப மட்டும் இல்லடா, பேக் பண்றப்பவும் விமானம் உடையும்' என்று முடித்தார் சார்.

வாடகை லாரி விலை கேட்டதும் ஓனருக்குத் தலை சுற்றியது. நான்தான் ஹீரோ மாதிரி, 'எங்க ஊர் பாய் ஒருத்தர் பெங்களூருக்கு லோடு அடிப்பார் சார். திரும்பும்போது காலி வண்டிதான்' என்றேன். வந்தது வண்டி. கூடவே வாசனையும்! தோல் ஏற்றிய லாரி வாசம் எங்களுக்குப் பழக்கம். சார் பத்தடி தள்ளியே நின்றார். பினாயில் போட்டு மூன்று முறை கழுவினோம்.

பதினைந்து அடிக்கு மேல் நீளமான இறக்கைகளை மரச்சட்டத்தில், கீழே மெத்தை போட்டு நிறுத்தினோம். கயிறு கட்டும் வேலை என்னுடையது. கயிறு துணியில் நேராகப் படக் கூடாது, நடுவே பழைய கம்பளி வைக்க வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். கடைசிக் கட்டுக்குக் கம்பளி பத்தவில்லை. 'ஒரு இடம்தானே' என்று அப்படியே இறுக்கினேன்.

சார் காரில் முன்னாடி போய்விட்டார். நானும் பாயும் கே.ஜி.எஃப்., வி.கோட்டா வழியாக வந்தோம். பத்தலப்பல்லி மலைப்பாதையின் வளைவுகளில் லாரி ஆடிய ஆட்டத்தில் எனக்கே குடல் இடம் மாறியது. ராத்திரி பேரணாம்பட்டில் நிறுத்தினோம். தெருவே கூடிவிட்டது. 'இன்னாபா இது, ராக்கெட்டா?', 'கல்யாண மேடையா?', 'இத்தினியூண்டு இருக்குது, இதுல ஏறினா திரும்பி வருவியா?' என்று ஆளாளுக்குக் கேள்வி.

அப்பா எதுவும் கேட்கவில்லை. லாரியில் ஏறி, இறக்கைத் துணியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார், டேனரியில் செய்கிற மாதிரியே. ஓர் இடத்தில் கை நின்றது. 'இங்க பாரு.' டார்ச் அடித்தேன். கம்பளி வைக்காத அதே கட்டு. கயிறு உரசி, கட்டைவிரல் நகம் அளவுக்குத் துணி போயிருந்தது. உள்ளே குழாயில் ஒரு சின்ன நசுங்கல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பையில் வெள்ளை டேப் இருந்தது. அதே நிறம். ஒரு துண்டு ஒட்டினால் யாருக்கும் தெரியாது. பறக்கப் போகிறோம் என்று க்ளாஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். 'சின்னதுதான்பா, டேப் ஒட்டிட்டா சரியாயிடும்' என்றேன்.

அப்பா திட்டவில்லை. 'தோல்ல ஓட்டைய மேல சாயம் பூசி மறைக்கலாம்டா. கட் பண்ணி, ஷூ தைக்க இழுக்கிறான் பாரு... அப்பத்தான் பிளந்துகினு வரும். எங்களுதுல ஷூதான் போவும். உங்களுதுல?' என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு விடை தெரியும். நாலாவது செமஸ்டரில் படித்துப் பாஸான விஷயம்தான். குழாயில் ஒரு நசுங்கல் இருந்தால் அழுத்தம் அங்கேதான் குவியும். அதிர்வு தொடர்ந்து வந்தால் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். பதினாறு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். ஆனால், அந்த ராத்திரி அது ஞாபகம் வரவில்லை. டேப்தான் ஞாபகம் வந்தது!

பதினொன்றரை மணிக்கு சாருக்கு போன் போட்டேன். ஆர்வில்லுக்காவது கைகாட்ட கஸ்டம்ஸ்காரர்கள் இருந்தார்கள். எனக்கு யார் இருக்கா? 'கயிறு கட்டினது நான்தான் சார். கம்பளி வைக்கல' என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, 'போட்டோ எடுத்து அனுப்பு. அந்தக் கட்டை அவுத்துட்டு, கம்பளி வச்சுக் கட்டு' என்றார். அம்மாவின் பழைய போர்வை ஒன்று அன்று தியாகியானது.

புது ஹேங்கரில் சார் துணியைப் பிரித்துப் பார்த்தார். குழாயையே மாற்ற வேண்டும் என்றார். அது வந்து சேர மூன்று வாரம். அதற்குள் எனக்குக் காலேஜ் திறந்துவிட்டது. சோதனை ஓட்டத்தின் போட்டோ, தெர்மோடைனமிக்ஸ் க்ளாஸில் இருக்கும்போது போனில் வந்தது. நீல வானத்தில் ஒரு வெள்ளைப் பட்டம். ரெண்டாவது சீட் காலி. 'பறந்தியா மச்சி?' என்று கேட்ட அத்தனை பேரிடமும் வழிந்தேன்.

சேதத்தைப் பதிவு செய்யும்போது சார் கேட்டார், 'முதல்ல கண்டுபிடிச்சது யாரு?' 'எங்க அப்பா சார். எட்டாம் க்ளாஸ் வரைக்கும் படிச்சவர்.' அவர் சிரிக்கவில்லை. 'அந்தக் கை எனக்கு வேணும்டா' என்றார்.

சரி, இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நாம லேப்ல என்ன பண்றோம்? ரீடிங் சரியா வரலைன்னா, விடையிலிருந்து பின்னாடி கணக்குப் போட்டு ரெக்கார்டில் எழுதிடுறோம். மறைக்காதீங்க பாஸ், நானும் ரெண்டு வருஷம் அதைத்தான் செய்தேன். அதுவும் வெள்ளை டேப்தான்.

போன வாரம் லேப்பில் எனக்கு ரீடிங் கன்னாபின்னாவென்று வந்தது. வந்ததை அப்படியே எழுதி, 'கருவியில் கசிவு இருக்கிறது, நான்தான் சரியாக இறுக்கவில்லை' என்று கீழே ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன். பத்துக்கு ஆறு மார்க்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். 'ரெண்டாம் தரம்தான்... ஆனா ஓட்டை இல்ல' என்றார்.