எட்டரை மணிக் கணக்கு

எங்கள் வீட்டில் நாள் என்பது காலை எட்டரை மணிக்குத் தொடங்கும். எட்டரைக்கு முன்னால் பெய்த மழை இன்றைய கணக்கு. எட்டரை தாண்டி ஒரு சொட்டு விழுந்தாலும் அது நாளைக் கணக்கு. நள்ளிரவில் நாள் மாறுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டுக்கொண்டேன், மனதில் ஒட்டவில்லை. பெரியப்பா நாகப்பட்டினம் மெட் ஆபீசில், அதாவது வானிலை அலுவலகத்தில், அப்சர்வர். அவர் அளந்து எழுதிய பிறகுதான் மழை முடிந்ததாக அர்த்தம் எனக்கு.

வெளிப்பாளையத்தில் ஓட்டு வீடு. அப்பா, பெரியப்பா, பாட்டி என்று எல்லோரும் ஒரே அடுப்பில் சாப்பிட்ட காலம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கருவிகளைப் பார்த்து எழுதவேண்டிய வேலை அவருக்கு. விடியற்காலை இரண்டரை, ஐந்தரை, காலை எட்டரை, பதினொன்றரை, மறுபடி இரண்டரை என்று நாள் முழுக்க ஓடும். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் பெரியம்மாவின் உலை நேரமும் மாறும். இரவு ஷிஃப்ட் என்றால் சைக்கிளில் டார்ச்சைச் செருகிக்கொண்டு கிளம்புவார். எனக்குத் தூக்கம் கலையும்போதெல்லாம் அந்த நேரத்தில் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று யோசிப்பேன். அவர் ஒருவர் மட்டும் இல்லை என்று பிறகு சொன்னார். நாம் எட்டரைக்குப் பார்க்கும் அதே நிமிஷத்தில் கொழும்பில் ஒருவர் பார்க்கிறார், ரங்கூனில் ஒருவர் பார்க்கிறார், லண்டனில் அப்போது விடியற்காலை மூன்று மணி, அங்கேயும் ஒருவர் எழுந்து பார்க்கிறார் என்றார். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்களில் எங்கள் பெரியப்பாவும் ஒருவர் என்பது எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது. வகுப்பில் அதை யாரிடமும் சொல்லாமல் இருக்க முடிந்ததில்லை.

விடுமுறை நாட்களில் என்னைச் சைக்கிளின் முன் கம்பியில் உட்காரவைத்து ஆபீசுக்கு அழைத்துப்போவார். கம்பி வேலி போட்ட புல்தரை. நடுவே நான்கு கால்களில் நிற்கும் வெள்ளைப் பெட்டி, சுற்றிலும் சாய்வாக அடித்த மரச்சட்டங்கள். பார்க்கப் புறாக்கூண்டு மாதிரியே இருக்கும். அதன் கதவு வடக்குப் பார்த்தே இருக்கவேண்டும். திறக்கும்போது வெயில் உள்ளே தெர்மாமீட்டர்மேல் பட்டுவிடக் கூடாது. உள்ளே நான்கு. இரண்டு நின்றிருக்கும், இரண்டு படுத்திருக்கும். படுத்திருப்பவை அன்றைய அதிக வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் பிடித்துவைத்திருக்கும். நிற்பவற்றில் ஒன்றின் குமிழில் மெல்லிய மல் துணி சுற்றி, திரியின் நுனியைத் தண்ணீரில் விட்டிருப்பார்கள். துணியிலிருந்து ஈரம் காய்ந்துபோகும்போது அந்தக் குமிழ் குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார். ஐப்பசியில் வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வரும்.

"பாப்பா, மூச்ச அடக்கிக்கிட்டுப் பாரு. கண்ணு பாதரசத்துக்கு நேரா இருக்கணும். மொதல்ல புள்ளிக்கு அப்புறம் வர்றதப் படி, அப்புறமா முழு எண்ணப் படி."

ஏன் தலைகீழாகப் படிக்கவேண்டும் என்று கேட்டேன். பக்கத்தில் நிற்கிற நம் உடம்புச் சூட்டுக்கே பாதரசம் லேசாக ஏறத் தொடங்கிவிடும். சின்ன எண்தான் முதலில் மாறும், அதனால் அதை முதலில் பிடித்துவிடவேண்டும் என்றார். பார்க்கிறவனே பார்க்கிற பொருளைக் கெடுத்துவிடக் கூடாது என்ற கவனம் அந்த வேலையின் ஒவ்வொரு அசைவிலும் இருந்தது.

வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து எத்தனை பங்கு மேகம் மூடியிருக்கிறது என்று சொல்லவேண்டும். இதை அவர் என்னிடம் விளையாட்டாகக் கற்றுக்கொடுத்தார். மொட்டைமாடி இல்லாத வீடு என்பதால் கடற்கரை மணலில் மல்லாந்து படுத்துக்கொள்வோம். கலங்கரை விளக்கத்தின் பக்கம் இரண்டு, அக்கரைப்பேட்டை பக்கம் ஒன்று, ஆக மூன்று என்பேன். "சரியா எண்ணிட்ட, ஆனா எந்த மேகம்னு சொல்லு" என்பார். சிரஸ், குமுலஸ், ஸ்ட்ராடஸ் என்பதெல்லாம் ஆங்கிலம் வாய்க்கு வரும் முன்பே எனக்கு வந்த சொற்கள். மீனம்பாக்கத்தில் வேலை பார்த்தபோது ஹைட்ரஜன் பலூன் விட்ட கதையையும் அந்த மணலில்தான் கேட்டேன். பலூன் ஒரே சீராக ஏறும். தியோடலைட் என்ற தொலைநோக்கிக் கருவி வழியே அதைக் கண்ணால் துரத்தினால் எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரிந்துவிடும். இரவில் பலூனுக்கு அடியில் மெழுகுவர்த்தி ஏற்றிய காகித விளக்கைக் கட்டி விடுவார்களாம். நட்சத்திரங்களுக்கு நடுவே அந்தச் சின்ன வெளிச்சத்தைத் தவறவிடாமல் தொடர்வதுதான் கஷ்டம் என்பார்.

பார்த்தது எல்லாம் ஐந்து ஐந்து எண்களாகத் தந்தியில் போகும். முன்னால் ஊரின் எண். நாகப்பட்டினத்துக்கு 43347, பாம்பனுக்கு 43363. ஊர்களுக்கு எண் உண்டு என்று தெரிந்த நாளில் என் நோட்டுப்புத்தகத்தின் அட்டையில் பெயருக்குக் கீழே 43347 என்று எழுதிக்கொண்டேன். ஒரு கருவி பழுதாகி எண் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? நேற்றைய எண்ணையே போட்டால் என்ன என்று கேட்டேன். பெரியப்பா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அன்றும் கோபப்படவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார். "கெடைக்கலன்னா சாய்கோடு போடணும். அஞ்சும் கெடைக்கலன்னா அஞ்சு சாய்கோடு. மெட்ராசுல இருக்கிறவன் நம்ம எண்ண நம்பித்தான் கோடு போடுறான். தெரியலங்கிறதும் அவனுக்கு ஒரு செய்திதான்."

பாரோமீட்டர் மட்டும் அறைக்குள் இருந்தது. அதை என்னைத் தொடவிட்டதில்லை. ஆனால் அதைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை வியப்பு. கடலில் தினமும் ஏற்றமும் வற்றமும் இருப்பதுபோலக் காற்றின் அழுத்தத்திலும் உண்டு. நம் பக்கத்தில் காலை பத்து மணிவாக்கில் ஏறி, மாலை நாலுக்கு இறங்கி, இரவு பத்துக்கு மறுபடி ஏறி, விடியற்காலை நாலுக்கு மறுபடி இறங்கும். மூன்று நான்கு மில்லிபார்தான், ஆனால் தவறாது. அந்த ஒழுங்கு என்றைக்குக் குலைகிறதோ அன்றைக்குக் கடலில் ஏதோ நடக்கிறது.

1977 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை. அந்த வாரம்தான் தீபாவளி. நனைந்த வெடிகளைத் திண்ணையில் காயவைக்க வெயிலே இல்லை. துறைமுகத்துக் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தது. சிங்கப்பூர்க் கப்பல் வரும் துறைமுகம் என்பதால் அந்தக் கொடிமரத்தைப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். 1 என்றால் தொலைதூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, 8, 9, 10 என்றால் பேராபத்து என்பதெல்லாம் ஊரில் பலருக்கும் தெரியும். 11 என்று ஒன்று இருப்பதைப் பெரியப்பா சொல்லித்தான் அறிந்தேன். எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது, மோசமான வானிலை வருவதாக உள்ளூர் அதிகாரியே கருதுகிறார் என்பதற்கான கூண்டு அது. பத்தைவிடப் பெரிய ஆபத்து செய்தி வராமல் போவது என்று அந்தப் பட்டியலை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பகலில் சாப்பிட வந்தவர் பெரியம்மாவிடம், "பத்து மணிக்கு ஏறணும், ஏறல" என்று மட்டும் சொன்னார். பெரியம்மாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றச் சொன்னாள், பசுவை அவிழ்த்துவிடச் சொன்னாள், அரிக்கன் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றினாள். அப்பா கீச்சாங்குப்பம் பக்கம் போய்த் தெரிந்தவர்களை எல்லாம் மேட்டுக்கு வரச் சொல்லிவிட்டு வந்தார். பெரியப்பா பேசாமல் மோர்சாதம் சாப்பிட்டுவிட்டு, சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்து கிளம்பினார். புயல் நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது மணிக்கு ஒருமுறை ஆகிவிடும்.

அமாவாசை இருட்டு. வீட்டில் எங்களோடு குப்பத்திலிருந்து வந்த குடும்பங்களும் இருந்தன. வடக்கிலிருந்து வந்த காற்று முதலில் ஊதலாக இருந்தது, பிறகு ஓலமாயிற்று, பிறகு அதற்குச் சொல் இல்லை. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து பறக்கும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். பாட்டி நாகூர் ஆண்டவரையும் வேளாங்கண்ணி மாதாவையும் நீலாயதாட்சியையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள். எந்நேரம் என்று தெரியாது, காற்று கிழக்கே திரும்பியதை உணர்ந்தேன். அதுவரை நனையாத சுவர் நனையத் தொடங்கியது. வடக்கிலிருந்து கிழக்கு வழியாகக் காற்று சுற்றினால் புயலின் மையம் நமக்குத் தெற்கே போகிறது என்று பெரியப்பா சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்ததை அம்மாவின் காதில் கத்திச் சொன்னேன். ஆனால் மையம் தெற்கே போனால் கடலிலிருந்து கரைக்கு அடிக்கிற காற்று நம் பக்கம்தான். கடலைத் தள்ளிக்கொண்டு வரும் பக்கம் அதுதான். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

12ஆம் தேதி விடியலில் காற்று தென்கிழக்குக்குப் போய் மெல்ல அடங்கியது. தெருவில் நின்ற மரங்களைவிட விழுந்தவை அதிகம். தந்திக் கம்பிகள் சாலையில் சுருண்டு கிடந்தன. பெரியப்பா நண்பகலுக்கு மேல் வந்தார். சட்டை கிழிந்திருந்தது, முழங்கையில் காயம். பனியனுக்குள் எண்ணெய்த் துணி சுற்றிய பதிவேட்டின் நகல் இருந்தது. கம்பி அறுந்த பிறகும் மணிக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். யாருக்கு அனுப்ப என்று அப்பா கேட்டார். "கம்பி வந்ததும் அனுப்புவேன்" என்றார். அந்தப் புயலில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். அது நிலத்தின்மேல் ஏறிப்போய்த் திருச்சியை வெள்ளத்தில் ஆழ்த்தி, அரபிக்கடலில் இறங்கியது. ஒரு வாரம் கழித்து, 19ஆம் தேதி, ஆந்திராவில் திவிசீமையை இன்னொரு புயல் அடித்தது. பத்தாயிரம் பேர் என்றார்கள். வானொலியில் அதைக் கேட்டபோது பெரியப்பா எழுந்துபோய்க் கொல்லையில் நின்றுகொண்டார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

அதற்கப்புறம் அவருக்குப் பதவி உயர்வும் மெட்ராஸ் மாற்றலும் வந்தன. எண் அனுப்பியவர் எண் வாங்குகிற இடத்துக்குப் போனார். நான் கல்லூரிக்காக மெட்ராஸ் போன வருஷங்களில் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை அலுவலகத்துக்கு அவரைப் பார்க்கப் போவேன். அந்த வளாகத்தில் பழைய வானாய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் நிற்கிறது; 1792 என்று பொறித்திருக்கும், பல மொழிகளில் வாசகம், அதில் தமிழும் உண்டு. இந்திய வானிலைத் துறையே 1875இல்தான் வந்தது என்பதை நினைத்தால் அந்தக் கல்லின் வயது புரியும்.

பெரிய மேசையில் வரைபடம் விரித்திருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சின்ன வட்டம், அதைச் சுற்றிப் பொடி எழுத்தில் எண்கள். பெரியப்பா பென்சிலால் சம அழுத்தக் கோடுகளை வரைவார், அழிப்பார், மறுபடி வரைவார். நிலத்தில் கோடு உறுதியாக ஓடும். வங்கக்கடலுக்குள் இறங்கியதும் தயங்கும். அன்று கடலில் எண் தந்தவை கப்பல்கள். புயல் என்று தெரிந்ததும் கப்பல்கள் விலகிப்போய்விடும். எந்த இடத்தைப் பற்றி மிக அதிகமாகத் தெரியவேண்டுமோ அந்த இடம்தான் வெறுமையாகிவிடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த வெற்றிடத்தைத்தான் விரலால் தொட்டுக் காட்டுவார். 1983இல் இன்சாட்-1பி மேலே போன பிறகு அதன் மேகப்படங்கள் வரத் தொடங்கின. முதன்முதலாகக் கடலின் நடுவே சுழல்வதைப் பார்த்த மகிழ்ச்சியை அவர் எங்களுக்கெல்லாம் கடிதமாக எழுதினார்.

மழை வரும் என்று வானொலி சொன்னால் குடை வேண்டாம் என்று ஊரே சிரித்த காலம். எனக்கு அப்படிச் சிரிப்பவர்கள்மேல் ஆத்திரமாக வரும். "ஓரிரு இடங்களில்" என்பது அவர்களுக்கு நழுவல் வார்த்தை. ஆனால் அதற்கு அளவு உண்டு: அந்தப் பகுதியின் மழைமானிகளில் நான்கில் ஒரு பங்கு வரைதான் மழை பதிவாகும் என்று பொருள். "சில இடங்களில்" என்றால் பாதி வரை. அந்த ஒரு வார்த்தைக்காகப் பெரியப்பாவும் சக ஊழியர்களும் எவ்வளவு நேரம் மேசையைச் சுற்றி நின்று வாதாடுவார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவுக்கு ஆத்திரம் வராது. மீனவர் கடலுக்குப் போகவேண்டாம் என்று நாம் சொல்லி அவர் ஒருநாள் கூலி இழந்தால் திட்டத்தான் செய்வார், திட்டிக்கொண்டு உயிரோடு இருக்கட்டும் என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓய்வுபெற்று வெளிப்பாளையத்துக்கே திரும்பினார். கொல்லையில் சொந்தமாக ஒரு மழைமானி வைத்துக்கொண்டார். எட்டரைக்குக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, உட்கார்ந்து மட்டம் பார்த்து, நாட்குறிப்பில் எழுதுவார். அக்கரைப்பேட்டையிலிருந்து தெரிந்தவர்கள் வந்து, "சார், நாளைக்குப் போகலாமா?" என்று கேட்பார்கள். "ஆபீஸ்ல என்ன சொல்லியிருக்காங்களோ அதக் கேளுங்க. எங்கிட்ட சார்ட் இல்ல" என்பார். ஒருமுறைகூட அனுமானத்தில் ஆள் அனுப்பியதில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. 16ஆம் தேதி அதிகாலை அது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். செல்பேசிக் கோபுரங்கள் செத்துப்போய், சென்னையிலிருந்து நான் எத்தனை முறை அழைத்தாலும் மணியே அடிக்கவில்லை. கடைசியில் யாருடைய எண்ணிலிருந்தோ அவரே அழைத்தார். நலமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"எழுதிக்க பாப்பா. ராத்திரி மொதல்ல வடக்கு. அப்புறம் கெழக்கு சுத்தி, விடியறப்ப தென்கெழக்கு. எழுவத்தேழு மாதிரியேதான், தெக்கால போயிடுச்சு. பெரியம்மா நல்லாயிருக்கா. பின்பக்கத்து ஓடு போச்சு."

"மழ எவ்வளவு பெரியப்பா?"

"கொல்லையில தென்ன மரம் மானி மேலயே விழுந்துடுச்சும்மா. மழைக்குச் சாய்கோடு போட்டுக்க."