முதல் பயணத்தில் எங்கே சாப்பிடுவது

ஜூன் 4, மூலக்குளம், புதுச்சேரி

மகளுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் எதைப் பேசினாலும் இப்போது சிதம்பரத்தில்தான் போய் முடிகிறது. சேருமுன் ஒருநாள் போய் ஊரைப் பார்த்துவிட்டு வருவதென்று பேச்சு. அதற்குப் போட்ட திட்டத்தில் பாதிக்கு மேல் சாப்பாடு: கடலூரில் டிபன், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் மதியச் சாப்பாடு, மாலையில் நடை திறந்ததும் தரிசனம், கிளம்பும்போது காபி. இந்த வரிசை எனக்குச் சம்மதமில்லை. காரணத்தை எழுதி வைக்கிறேன்.

இது யாத்திரை போகிறவர்களின் வரிசை. சிதம்பரம் ரயில் பாதைக்கு இருபுறமும் இரண்டு ஊராக இருக்கிறது. மேற்கே கோயில், தேரோடும் வீதிகள், பேருந்து நிலையம். கிழக்கே 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகம், அதைச் சுற்றி எழுந்த அண்ணாமலைநகர். நடராசரைக் காண வருகிறவர் கிழக்குப் பக்கம் கால் வைக்காமலே திரும்பிவிடலாம். அங்கே படிக்கப் போகிறவளுக்குக் காலைச் சிற்றுண்டியும் ராத்திரிப் பசியும் கிழக்கில்தான். சாப்பிடுகிற இடத்தில்தான் ஒரு ஊரில் அரைமணி நேரம் சும்மா உட்கார வாய்க்கிறது. அந்த அரைமணிகளையெல்லாம் மேற்கில் செலவழித்தால் அவளுடைய ஊரைப் பார்க்காமலே வந்துவிடுவோம்.

அப்படியானால் கொத்சுவையும் விட்டுவிடுவதா என்று கேட்கலாம். அது மட்டும் கூடாது. கத்திரிக்காயை வேகவைத்து மசித்து, புளி கரைத்துவிட்டு, மல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்டு, நல்லெண்ணெய் மேலே மிதக்கக் கொதித்து இறங்கும் அந்தக் குழம்பு, இட்லிக்கும் மிளகு சீரகம் மணக்கும் சம்பா சாதத்துக்கும் அந்த ஊர் தந்த துணை. நான்கு வருடம் கழிக்கப் போகிற ஊரின் ருசியை முதல் நாளே நாக்கு அறிந்துகொள்வது நல்லது. அதற்கு ஒரு வேளை போதும்.

ஜூன் 5

வீட்டுப் பெரியவர்களின் வாதம் வேறு. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டால் செலவும் இல்லை, வயிற்றுக்கும் கேடில்லை. சர்க்கரை உள்ளவர்களால் நேரம் தவறிச் சாப்பிட முடியாது என்பதும் உண்மை. அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டிக் கடலூர் போய்ச் சேருவதற்குள் பசி வந்துவிடும். ஆகவே காலைக்குக் கட்டுசாதம் என்று ஒப்புக்கொள்கிறேன். கடலூர் டிபன் போகட்டும். மதியத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: மாணவர்கள் சாப்பிடும் மெஸ், அவர்கள் சாப்பிடும் நேரம். ஒருநாள் சாப்பாட்டை வைத்து மெஸ்ஸை எடைபோட முடியாது என்பார்கள். ருசியை எடைபோட முடியாதுதான். ஆனால் குடிதண்ணீர் எங்கிருந்து பிடிக்கிறார்கள், இரண்டாம் முறை சோறு கேட்கிறவரிடம் பரிமாறுகிறவர் எப்படிப் பேசுகிறார், தட்டுகள் எங்கே கழுவப்படுகின்றன என்பதெல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். மாதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறதா என்று பக்கத்தில் சாப்பிடுகிற பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.



 

ஜூன் 10

மாலைக் காபியை எங்கே வைப்பது என்பதுதான் இந்தத் திட்டத்திலேயே பெரிய கேள்வி என்று இப்போது படுகிறது. நம் பக்கத்தில் உணவகம் என்பது யார் யாரோடு உட்காரலாம் என்பதைக் காட்டிய இடம். தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் 1941 வரை இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் நடத்தினார். அந்தப் பலகை போய்விட்டது. பலகையே இல்லாத இன்னொரு தடை டீக்கடை பெஞ்சில் இருக்கிறது. மூலக்குளத்தில் விழுப்புரம் சாலையோரக் கடைகளைப் பார்த்தாலே போதும். பெஞ்சில் ஆண்கள், கையில் கண்ணாடி டம்ளர், மடியில் பேப்பர். பெண்கள் பார்சல் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். போகக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. பெண்கள் யாரும் உட்காருவதும் இல்லை.

சின்ன ஊர்களில் இந்தக் குறையைப் பேக்கரிகள்தான் ஓரளவு தீர்த்திருக்கின்றன. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நாலு மேசை, ஒரு மின்விசிறி. ஒரு முட்டை பஃப்ஸையும் ஒரு டீயையும் வைத்துக்கொண்டு கல்லூரிப் பெண்கள் நேரம் போவது தெரியாமல் பேசலாம். புதுச்சேரியின் பிரெஞ்சு வீதிக் கபேக்களில் பெண் தனியே உட்கார்ந்து படித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அங்கே ஒரு காபிக்குக் கொடுக்கிற காசில் மெஸ்ஸில் மதியச் சாப்பாடே முடிந்துவிடும். அந்தச் சுதந்திரம் காசு கொடுத்து வாங்குவது. மாணவிக்கு வேண்டியது பத்துப் பதினைந்து ரூபாயில் கிடைக்கிற நாற்காலி.

வளாகத்துக்குள்ளேயே கேன்டீன் இருக்கும்போது வெளியே ஏன் உட்கார வேண்டும், பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட நூல் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. பொது இடத்தில் நிற்கும் பெண் ஏதோ ஒரு வேலையாக வந்ததுபோல் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலை இல்லாமலும் இருக்கிற உரிமை அவளுக்கு வேண்டும் என்பது அவர்கள் வாதம். நான் அதை முழுமையாக ஏற்கிறேன். படிப்பு என்பது வகுப்பறைக்கு வெளியேயும் நடப்பது. ஊரில் உட்கார இடமில்லாதவள் அறைக்கும் வகுப்புக்கும் நடுவே நடந்தே காலத்தைக் கழிப்பாள்.

ஜூன் 11

கொத்சுவுக்குச் சின்னக் கத்திரிக்காய்தான் சரி என்று தெரு முழுக்க ஒரே பேச்சு. மனசு லேசாக இருந்தது.

ஜூன் 15

வரிசை இப்படி முடிவாகியிருக்கிறது: பேருந்தில் கட்டுசாதம், காலையில் வளாகம், மதியம் அண்ணாமலைநகர் மெஸ், வெயில் தாழ ஒரு பேக்கரி, கடைசியில் மேற்கே போய்த் தரிசனம், கொத்சு. மதியம் சாத்திய கோயில் நடையும் மாலையில்தான் மறுபடி திறக்கும் என்பதால் ஆன்மிகக் கட்சிக்கும் குறையில்லை. ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. அப்பா, அம்மா, பாட்டி என்று எல்லோரும் சூழ உட்கார்ந்திருக்கிற பெண்ணை எந்தக் கடையிலும் யாரும் ஒரு மாதிரி பார்க்கப் போவதில்லை. அப்படி உட்கார்ந்து வந்தால், நான் தெரிந்துகொள்ள நினைத்ததில் எதுவும் தெரியாது. பேக்கரிக்கு அவள் தனியாகப் போக வேண்டும், டீயைத் தானே சொல்ல வேண்டும், விருப்பம்போல் உட்கார வேண்டும். அவளிடம் சொன்னேன், உடனே சரி என்றாள். அந்த நேரத்தில் நாங்கள் எங்கே இருப்பது என்று திட்டத்தில் இன்னும் எழுதவில்லை.