பின் இருக்கையிலிருந்து

ராத்தாவுக்கென்று உம்மாவும் வாப்பாவும் கட்டிய வீடு எங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆனால் மச்சானுக்கு இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வேலை. ஆறு மாதத்தில் ராத்தாவும் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் உம்மா அந்த வீட்டைத் திறந்து, கூட்டி, மறுபடியும் பூட்டி வைப்பார்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தபோது, இங்கிலாந்துக்குப் போன மாமா குடும்பத்தோடு என்னையும் அனுப்பினார்கள். விமான நிலையத்தில் உம்மா காதுக்குள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அவள் சந்தோசமா இரிக்காளா எண்டு பாத்திட்டு வா புள்ள."

அந்த ஜூன் மாதம் ராத்தாவும் மச்சானும் லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் இரண்டு நாள் பயணம் போனார்கள். பின் இருக்கையில் நான், ஒற்றர் வேலையோடு.

எம்6 அதிவேகப் பாதையில் இருவரும் பேசியதெல்லாம் பெற்றோல், பார்க்கிங், சீனிச்சம்பல் வைத்த பாண் பற்றித்தான். எனக்குக் கவலையாகிவிட்டது. உம்மாவிடம் என்ன சொல்வது?

வின்டர்மியர் இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி. சேனாநாயக்க சமுத்திரத்தைப் பார்த்த கண்ணுக்கு அது ஓர் ஆறு போலத்தான் தெரிந்தது. ஆனால் அதைத் தாண்டி மலைகளுக்குள் போனதும் நான் வாயை மூடிக்கொண்டேன். நுவரெலியா மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே மலைகளில் தேயிலையும் இல்லை, மரமும் இல்லை. வெறும் புல், அதன் மேல் சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய மதில்கள் உச்சி வரை ஏறிப் போகின்றன. ஹெர்ட்விக் என்ற ஆடுகள் பாதையிலேயே படுத்திருக்கின்றன. குட்டிகள் கறுப்பு, வளர வளர நரைக்குமாம்.

ராத்தா உயர்தரத்தில் வரலாறு படித்தவர். ஹார்ட்நொட் கணவாய்க்கு அப்பால் உள்ள ரோமக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு முன்னால் ரைனோஸ் என்று இன்னொரு கணவாய். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய பாதை. மச்சானுக்கு உயரம் என்றால் தலை சுற்றும் என்பதை அங்கேதான் அறிந்தேன். ரைனோஸில் இறங்கும்போதே அவருடைய சட்டை நனைந்துவிட்டது. கீழே சமதரையில் காரை நிறுத்தி, "நீங்க எடுங்க" என்றார்.

ராத்தா இறங்கிச் சுற்றி வந்து சாரதி ஆசனத்தில் உட்கார்ந்தார். நான் திகைத்துப் போனேன். ஊரில் வாப்பாவின் மோட்டார் சைக்கிளைத் தொட்டதற்கு ஏச்சு வாங்கியவர் அவர். இரண்டாம் முறை பரீட்சையில் சித்தியடைந்து அனுமதிப்பத்திரம் எடுத்ததை எங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஹார்ட்நொட்டில் மூன்றடி போனால் ஓரடி ஏற்றம். முதலாம் கியரில் கார் உறுமியது. வளைவில் கார் மூக்கைத் தூக்கியபோது முன்கண்ணாடியில் வானம் மட்டுமே தெரிந்தது. எதிரே இறங்கி வந்த காரில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி. ஏறுபவருக்கு வழி விடுவது அங்கே முறை. அவர்கள் பின்னோக்கிப் போய் ஒதுங்கினார்கள். ராத்தா ஒரு கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு ஏற்றினார். மச்சான் கண்ணை மூடி ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தார். உச்சி வந்ததும் கண் திறந்து, "மாஷா அல்லாஹ், எனக்கு நல்ல டிரைவர் கிடைச்சிருக்கு" என்றார். ராத்தா சிரித்த சிரிப்பு, ஊரில் எங்கள் வீட்டுக் குசினியில் கேட்கும் அதே பெரிய சிரிப்பு.

ஏறத்தாழ 1900 வருடங்களுக்கு முன் கட்டிய அந்தக் கோட்டையில் இப்போது மதில்கள் மட்டுமே. போத்தல் தண்ணீரில் வுழூச் செய்து, லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம். அங்கே கிப்லா தென்கிழக்கு. அதைவிட ஆட்டுப் புழுக்கை இல்லாத இடம் தேடுவதுதான் கஷ்டமாக இருந்தது. மச்சான் தன் ஜாக்கெட்டைக் கழற்றி ராத்தா ஸுஜூது செய்யும் இடத்தில் விரித்தார்.

பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை. அடுத்த நாள் காலையில்தான் உம்மாவிடம் பேசினேன். "ராத்தாதான் கார் ஓட்டினா" என்றேன். உம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்ப மாப்பிள்ளை?"

"கண்ணை மூடி ஸலவாத்து ஓதினார்."

உம்மா சிரித்துவிட்டார். "மெதுவா ஓட்டச் சொல்லு" என்று வைத்தார்.

நான் ஊருக்கு வந்த கிழமை, உம்மா அந்த வீட்டின் யன்னல்களையெல்லாம் திறந்து கழுவிக்கொண்டிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை அல்ல. வாடகைக்கு ஒரு டீச்சர் குடும்பம் வருகிறதாம்.