உத்தரவாதமும் தூரமும்

கலப்பைக் கொழு பழுதுற்றால், அதனை அடித்துக் கொடுத்த கொல்லனின் பட்டடைக்கே உழவன் திரும்பிச் சென்ற காலம் ஒன்றிருந்தது. செய்தவனும் திருத்துபவனும் ஒருவனேயாதலின், அங்கு உத்தரவாதப் பத்திரம் எதுவும் வேண்டப்படவில்லை. இன்றோ ஒரு நாட்டில் வடிவமைக்கப்பட்டு, பிறிதொரு நாட்டிற் பொருத்தப்பட்டு, கொழும்பிலே விற்கப்படும் பொருளுக்குப் பொறுப்பாளர் யாவர் என்பதே வினாவாகிவிட்டது. கணினியின் வரைகலை அட்டை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பூவரசங்குளத்து மாணவன் ஒருவன் அவ்வட்டையை வாங்க முற்பட்டான். காணொளித் தொகுப்பு வேலையாற் கல்விச் செலவை ஓரளவேனும் தாங்கலாம் என்பது அவன் எண்ணம். பெரும்போக நெல் விற்ற பணத்தில் ஒரு பங்கை அவன் தந்தையார் அதற்கென ஒதுக்கினார். உற்பத்தியாளர் பலரின் உத்தரவாதங்களை அவன் அருகருகே எழுதி ஒப்பிட்டான். பெரும்பாலானவை மூன்றாண்டு என்றே கூறின. “பழுதாப்போனா ஆரிட்டையடா போய்க் கேக்கிறது?” என்று தந்தையார் வினவியபோதே, ஆண்டுக்கணக்கு அவ்வொப்பீட்டின் மிகச் சிறிய கூறு என்பது அவனுக்குப் புலனாயிற்று.

முதலில் நோக்கத்தக்கது, காலம் எந்நாளிலிருந்து எண்ணப்படுகின்றது என்பதாகும். சிலர் பற்றுச்சீட்டின் திகதியையும், சிலர் தொடரிலக்கம் காட்டும் உற்பத்தித் திகதியையும் கொள்வர். இலங்கைக் கணினிக் கடைகளிலோ ஓராண்டை 350 நாளாகக் கணிக்கும் வழக்கமும் உண்டு. அடுத்தது விலக்குகள். எரிந்த தடம், துரு, மின்னற் பாதிப்பு ஆகியவற்றைக் கடைகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னல் மிகுந்த வன்னியிலே இவ்வொரு வரியே உத்தரவாதத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடும்.

மூன்றாவது, உரிமை மாற்றம். 2022 செப்ரெம்பர் 15இல் எதீரியம் நாணயவலை தன் இயங்குமுறையை மாற்றியபின், நாணய அகழ்வில் உழைத்த அட்டைகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. முதற் கொள்வனவாளருக்கு மாத்திரம் உரிய உத்தரவாதம் அத்தகைய அட்டைகளைப் பின்தொடர்வதில்லை. அதே மாதத்தில் ஈவிஜிஏ நிறுவனம் வரைகலை அட்டைத் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. பழைய உத்தரவாதங்களைக் காப்பதாக அது கூறியதேனும், வாக்களிப்போரின் நிலைபேறும் எண்ணத்தக்கது என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று.

நான்காவது, முத்திரை. அகற்றினால் உத்தரவாதம் செல்லாது என அட்டையில் ஒட்டப்படும் முத்திரை, தூசு துடைக்கத் திறப்பவனையும் அச்சுறுத்துகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், 1975ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டி, இத்தகைய முத்திரைகள் தொடர்பாக 2024 யூலையில் அஸ்ரொக், ஸொட்டாக், கிகாபைட் ஆகிய நிறுவனங்களை எச்சரித்தது. அச்சட்டத்தின் கை வன்னிவரை நீளாது. எனினும் விற்கப்படும் பொருளின் தரம்பற்றி 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், முறையிடும் வழிபற்றி 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் நம் நாட்டில் உள்ளன. பற்றுச்சீட்டைப் பேணுவோனுக்கே அவை எளிதிற் பயன்படும்.

இறுதியில் அம்மாணவன், விலை கூடினும், வவுனியா நகரக் கடையொன்றினூடாக உள்ளூர் முகவரின் உத்தரவாதமுள்ள அட்டையையே வாங்கினான். கொழும்பு மாணவனுக்கு ஒரு பிற்பகலில் முடியும் முறைப்பாடு, பூவரசங்குளத்தானுக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர்ப் பயணமும் தவறவிட்ட விரிவுரைகளுமாகும். ஒரே அச்சில் வந்த வாக்குறுதி ஈரூர்களில் இரு பெறுமதி பெறுகின்றது. அவ்வேறுபாட்டை ஈடுசெய்ய அவன் கொடுத்த மேலதிகப் பணம் எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. மாவட்டந்தோறும் பழுது ஏற்கும் நிலையங்களை நிறுவுமாறு முகவர்களை வற்புறுத்துதல், கிராமத்துக் கொள்வனவாளரின் சலுகைக் கோரிக்கையன்று. அவர்கள் ஏற்கெனவே விலைகொடுத்துப் பெற்ற உரிமையாகும்.